இராபர்ட் சீவெலும் உரோம வெள்ளிக்காசுப் புதையல்களும்

பண்டைத் தமிழகத்திற்கும் உரோமப் பேரரசிற்கும் இடையே நிகழ்ந்த வணிகத்தின் காலத்தை அறுதியிட முனைந்த இரண்டு ஆக்கங்கள் 1904ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒன்று, சென்னையில் அச்சான வி. கனகசபைப் பிள்ளையின் நூல். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூல், சங்கச் செய்யுள்களையும் இரட்டைக் காப்பியங்களையும் சான்றாகக் கொண்டு கி.பி. 50 முதல் 150 வரையிலான ஒரு நூற்றாண்டைத் தமிழகத்தின் செழிப்புக் காலமாக வரைந்தது. மற்றொன்று, இலண்டன் அரச ஆசியக் கழக இதழில் இராபர்ட் சீவெல் எழுதிய நெடுங்கட்டுரை. இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்து, அவ்வணிகம் நீரோ மன்னன் இறந்த கி.பி. 68ஆம் ஆண்டோடு தன் உச்சத்தைக் கடந்துவிட்டது என்று அது கூறியது. இலக்கியச் சான்று காட்டிய நூற்றாண்டின் பெரும்பகுதி, காசுச் சான்றின்படி இறங்குமுகக் காலமாகிவிடுகிறது. பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் இந்த முரணைத் தீர்க்காமலே இரண்டையும் அடுத்தடுத்து எடுத்தாண்டனர். சீவெலின் வாழ்க்கையையும் பணிமுறையையும் தொடர்ந்து நோக்கினால், அம்முரண் காசுகளில் இல்லை, காசுகளிலிருந்து காலத்தைக் கணித்த முறையில்தான் உள்ளது என்பது புலப்படும்.

1845இல் பிறந்த சீவெல், சென்னை மாகாணக் குடிமைப் பணியில் சேர்ந்தவர். தொல்பொருள் துறையில் முறையான பயிற்சி பெற்றவரல்லர். அக்காலத்து மாவட்ட அலுவலர் பலரைப் போலவே வரிவசூலுக்கும் வழக்கு விசாரணைக்கும் இடையே கல்வெட்டையும் சிற்பத்தையும் நாடியவர். கிருஷ்ணா மாவட்டத்தில் பணியாற்றியபோது, 1877இல் அமராவதிப் பௌத்தத் தூபியின் எஞ்சிய பகுதியை அகழ்ந்தார். அத்தூபியின் கற்கள் அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாகப் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. காலின் மெக்கன்சி கண்ட நிலை வேறு, 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்து சென்னைக்கு அனுப்பியபோது இருந்த நிலை வேறு, சீவெலுக்கு எஞ்சியது வேறு. 1880இல் வெளியான அவரது அறிக்கையைப் படிப்போர், தம் அகழ்வின் விளைவைக் காட்டிலும் இழந்தவை எவை என்பதைக் கணக்கெடுப்பதில் அவர் காட்டிய அக்கறையை உணர்வர். சிதறியதைப் பட்டியலிட்டு மீட்கும் இவ்வியல்பே அவருடைய எல்லாப் பணிகளுக்கும் அடிப்படை.

அடுத்த பெரும்பணி அவ்வியல்புக்கு ஏற்றதாக அமைந்தது. சென்னை மாகாணத்துத் தொல்லெச்சங்களின் பட்டியலை மாவட்டம், வட்டம், ஊர் என்ற வரிசையில் அவர் தொகுத்தார். முதல் தொகுதி 1882இலும் இரண்டாம் தொகுதி 1884இலும் வெளிவந்தன. தென்னிந்திய அரசமரபுகளைப் பற்றிய குறிப்பேடு ஒன்றும் 1883இல் வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துக் கோயில்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. ஊரலுவலர் வழி வந்த செய்திகளை நம்பித் தொகுத்தமையால் பிழைகள் மலிந்திருப்பினும், எந்த ஊரில் எதனைத் தேடவேண்டும் என்பதற்கு அக்காலத்தில் வேறு கையேடு இருக்கவில்லை.

புதையல்களைப் பற்றிய செய்தி ஆட்சியரின் மேசைக்கு வந்து சேர்வதற்கும் அப்போது ஒரு சட்ட வழி உண்டாகியிருந்தது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய எந்தப் புதையலையும் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என விதித்தது. விதித்ததெல்லாம் நடந்துவிடவில்லை. ஏரோட்டும்போதோ கிணறு வெட்டும்போதோ வெளிப்பட்ட பானை ஊருக்குள் பங்கிடப்பட்டு, பொற்கொல்லர் உலைக்குச் சென்றபின், எஞ்சிய சில காசுகள் மட்டுமே அரசு அலுவலகத்தை எட்டின. சட்டத்திற்கு முற்பட்ட கண்டெடுப்புகளுக்கோ அந்த அளவும் இல்லை.

இந்த நிலை சீவெலின் 1904ஆம் ஆண்டுக் கட்டுரையில் அப்படியே பதிந்துள்ளது. அகஸ்டஸ் முதல் நீரோ வரையிலான காலத்திற்கு அவர் எண்ணிக் காட்டிய காசுகள், பொன் 612, வெள்ளி 1187. இவை போக, எண்ணிக்கை தெரியாத புதையல்களையும் மூலச் செய்தியில் கண்டவாறே குறித்தார். பொற்காசுகள் ஐந்து கூலியாள் சுமை அளவு இருந்ததாக ஒரு செய்தி. வெள்ளியில் ஒரு பானையில் ஏராளம் என்று ஒன்று, மண்பானையில் ஏறத்தாழ ஐந்நூறு என்று ஒன்று, 163 என்று எண்ணிச் சொன்னது ஒன்று, சில என்று ஒன்று, சில ஆயிரம் என்று ஒன்று. மொத்தம் 55 தனித்தனிக் கண்டெடுப்புகள். அவற்றில் மிகுதியானவை கோயம்புத்தூர், மதுரை மாவட்டங்களைச் சார்ந்தவை. தெளிவற்றதைத் தெளிவானதாக மாற்றிக் காட்டாமல், சுமையைச் சுமையென்றும் பானையைப் பானையென்றும் விட்டுவைத்த அந்த நேர்மை குறிப்பிடத்தக்கது. எண்ணப்பட்டவற்றை மட்டும் கூட்டி ஒரு தொகையாக எழுதியிருந்தால், பொன்னுக்கும் வெள்ளிக்கும் இடையிலான அளவு குறித்த தவறான முடிவு நிலைத்திருக்கும்.

சீவெலுக்கு முன்னரே இக்காசுகளை இனங்கண்டோர் உண்டு. 1800இல் மைசூர், மலையாளப் பகுதிகளின் வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், பொள்ளாச்சியில் ஒரு பானையில் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளைப் பற்றி எழுதினார். அவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு மன்னர்க்குரியவை என அறியப்பட்டன. 1842இல் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 522 வெள்ளிக்காசுகள் கொண்ட பானை கிடைத்தது. அங்கும் அவ்விரு மன்னர் காசுகளே மிகுதி. அதே வெள்ளலூரில் 1891இல் மீண்டும் ஒரு வெள்ளிப் புதையல் வெளிப்பட்டது. அவ்வாண்டிலேயே பெங்களூரை அடுத்த யஷ்வந்த்பூரில் 163 காசுகள் கிடைத்தன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அங்குச் சேர்ந்த உரோமக் காசுகளுக்குப் பட்டியல் வெளியிட்டார். ஒவ்வொரு காசுக்கும் உரிய மன்னனைச் சொல்லும் பணி இவ்வாறு முன்பே தொடங்கிவிட்டது. காசைத் தனியாக நோக்காமல், உலோகம், மன்னன், கிடைத்த இடம் என்ற மூன்றையும் இணைத்துப் புதையலைப் புதையலாகவே படித்தது சீவெலின் புதுமை.

ஒரு வெள்ளிப் புதையலை இனங்காண்பது எவ்வாறு என்பதை இங்குச் சற்று விரித்துரைப்பது பொருந்தும். தமிழகத்தில் கிடைக்கும் உரோம வெள்ளிக்காசு தினாரியஸ் எனப்படும். அகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோம இராத்தல் வெள்ளியில் 84 காசுகள் அடிக்கப்பட்டன. ஆகவே ஒரு காசு நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. முன்புறத்தில் மன்னனின் தலை, அதனைச் சூழ இலத்தீன் எழுத்தில் பெயரும் பட்டமும். பின்புறத்து உருவமே வகையை உறுதிசெய்யும். அகஸ்டஸ் காசுகளுள் இங்கு மிகுதியாகக் கிடைப்பது, அவன் பேரர்களான காயஸ், லூசியஸ் இருவரும் கேடயத்தையும் ஈட்டியையும் இடையே நிறுத்தி நிற்கும் வகை. டைபீரியஸ் காசுகளில் ஏறத்தாழ ஒரே வகைதான் காணப்படுகிறது. அதில் கோலும் கிளையும் ஏந்தி அரியணையில் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். சுற்றிலும் தலைமைப் பூசகன் என்னும் பட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துத் தேய்ந்திருந்தாலும் இவ்விரு பின்புறங்களையும் பழகிய கண் உடனே பிரித்தறியும். இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகர அக்கசாலையோடு இவ்விரு வகைகளும் தொடர்புடையவை.

இனங்காண்பதை எளிதாக்கும் இந்த ஒருமையே காலக்கணிப்பைக் கடினமாக்குகிறது. உரோமக் காசுகள் பலவற்றில் மன்னன் எத்தனையாம் முறை கான்சல் பதவி ஏற்றான் என்ற குறிப்பு இருக்கும். அதைக் கொண்டு ஆண்டையே சொல்லிவிடலாம். டைபீரியஸின் அமர்ந்த பெண் வகையிலோ அத்தகைய ஆண்டுக்குறிப்பு இல்லை. அவன் ஆண்ட கி.பி. 14 முதல் 37 வரையிலான காலத்தில் அவ்வகை பெரிய மாற்றமின்றி அடிக்கப்பட்டது. எனவே நூற்றுக்கணக்கான காசுகள் கொண்ட பானையைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளர் அது இந்த ஆட்சிக்கு முற்பட்டதன்று என்று மட்டுமே சொல்ல இயலும். எவ்வளவு காலம் பிற்பட்டது என்பதைக் காசு சொல்லாது.

சீவெல் தம் தொகுப்பை ஐந்து காலப் பிரிவுகளாக வகுத்தார். உரோமக் குடியரசுக் காலத்தில் வணிகம் மிகக் குறைவு. அகஸ்டஸ் முதல் நீரோ வரை உச்சம். நீரோ இறந்தது முதல் கரகல்லா இறந்த கி.பி. 217 வரை தளர்ச்சி. அதன்பின் ஏறத்தாழ ஒன்றுமில்லை. பிசாந்தியப் பேரரசர் காலத்தில் சிறிது மறுமலர்ச்சி. உச்சக் காலத்துப் புதையல்கள் கொங்கு நாட்டில் குவிந்திருப்பதற்கு மிளகையும், படியூர்ப் பகுதியில் கிடைத்த பச்சைக்கல்லையும் காரணமாகக் காட்டினார். மூன்றாம் காலத்துக் காசுகள் பருத்தி விளையும் பகுதிகளில் கிடைப்பதைக் கொண்டு, ஆடம்பரப் பொருள் வணிகம் ஒழிந்து இன்றியமையாப் பொருள் வணிகம் எஞ்சியது என்றார். இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் வெளியேறும் செல்வத்தைப் பற்றிப் பிளினி வருந்தியதும், முசிறிக்கு நாணயம் பெருமளவில் கொண்டுவரப்பட்டதைப் பெரிபுளூஸ் குறித்ததும் அவர் முடிவுக்கு அரணாயின.

கொங்கு நாட்டு மணிக்கற்களைப் பற்றிய ஊகத்திற்குப் பிற்காலத்தில் நிலத்தடியிலிருந்தே துணை கிடைத்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் நிகழ்த்திய அகழாய்வுகள், பச்சைக்கல், நீலமணி, பளிங்கு முதலியவற்றைப் பட்டை தீட்டிய தொழிற்கூடத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்தன. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நொய்யலை ஒட்டிக் கரூருக்குச் செல்லும் வழியில் வெள்ளலூரும் கொடுமணலும் அமைந்துள்ளன. இடங்களைக் கொண்டு சீவெல் செய்த ஊகம் இவ்வாறு வலுப்பெற்றது. காலத்தைக் கொண்டு செய்த ஊகமே வலுவிழந்தது.

புதையலில் உள்ள கடைசி மன்னனின் காலமே அக்காசுகள் வந்த காலம் என்று அவர் கொண்டார். உரோம நாணய வரலாற்றில் நிகழ்ந்த ஒரு மாற்றம் இக்கருத்தைத் தடுமாறச் செய்கிறது. கி.பி. 64இல் நீரோ வெள்ளிக்காசின் எடையைக் குறைத்தான். ஓர் இராத்தலுக்கு 96 காசுகள் அடிக்கப்பட்டன. வெள்ளியின் தூய்மையும் குறைக்கப்பட்டது. உரோமப் பேரரசின் எல்லைக்குள் அரசாணையால் புதுக்காசும் பழங்காசும் ஒரே மதிப்பில் செல்லும். கடல் கடந்த சந்தையில் அந்த ஆணை செல்லாது. அங்குக் காசு வெறும் வெள்ளியே. ஈழத்து அரசன் ஒருவன், வெவ்வேறு மன்னர் தலை பொறித்த தினாரியஸ்கள் எல்லாம் ஒரே எடையுடையனவாக இருத்தலைக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்தான் என்று பிளினி எழுதியுள்ளார். அச்செய்தியின் உண்மை எவ்வாறாயினும், கீழைக் கடற்பரப்பில் காசு எடை பார்த்தே ஏற்கப்பட்டது என்ற எண்ணம் உரோமரிடையே நிலவியதை அது காட்டுகிறது. ஜெர்மானியர் பழைய காசுகளையே விரும்பி வாங்கினர் என்று டாசிட்டஸ் குறித்ததும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இத்தகைய சந்தைக்குச் செல்லும் வணிகன், நீரோவுக்குப் பின்னரும், தேடிச் சேர்த்த அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளையே மூட்டையில் கட்டியிருப்பான். அவ்வாறெனில் டைபீரியஸோடு முடியும் புதையல், அவன் இறந்து அரை நூற்றாண்டு கழித்தும் கப்பலேறியிருக்கக்கூடும். இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளை மீண்டும் முழுமையாக ஆய்ந்து 1989இல் நூல் வெளியிட்ட பவுலா டர்னரின் ஆய்வுக்குப் பின்னர் இவ்வாய்ப்பை ஒதுக்கிவிட இயலாது.

காசு அல்லாத சான்றும் இதே திசையைக் காட்டுகிறது. வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரசு ஆவணம் 1985இல் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அவ்வாவணம், முசிறி வணிகத்திற்கான கடன் ஏற்பாட்டையும் ஒரே கப்பலில் வந்த சரக்கின் பெருமதிப்பையும் பதிவு செய்கிறது. சீவெல் தளர்ச்சி என்று குறித்த காலத்தின் நடுவில் அக்கப்பல் மிதக்கிறது. கனகசபைப் பிள்ளை வரைந்த நூற்றாண்டின் பிற்பாதியும் அதனால் மீட்கப்படுகிறது. ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று அவர் விட்ட நான்காம் காலத்தை அடுத்து வந்த காலத்துக்கும், கரூர், மதுரை ஆற்றுப் படுகைகளில் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக்காசுகளைத் தொகுத்து இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் வெளியிட்ட நூல் புதிய ஒளி தந்தது. பானையில் புதைக்கப்படாத சிறு செப்புக்காசு, புதையலைத் தேடும் கண்ணுக்கு எளிதில் அகப்படுவதில்லை.

காவிரிப் படுகையை நோக்கும்போது இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. புகார் யவனர் வந்து தங்கிய துறைமுகம் என்பதற்கு இலக்கியச் சான்று வலுவானது. ஆயினும் வெள்ளலூர், பொள்ளாச்சிப் புதையல்களுக்கு ஒப்பான உரோம வெள்ளிக் குவியல் எதுவும் கழிமுகத்தில் பதிவாகவில்லை. படுகையின் தென்விளிம்பை ஒட்டிய புதுக்கோட்டைச் சீமையில், கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 காசுகள் கிடைத்தன. அவை அனைத்தும் பொன். பிரித்தானிய அருங்காட்சியகத்து ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து, வெஸ்பாசியன் காலம் வரையிலான காசுகள் இருப்பதையும், பெரும்பாலானவற்றில் மன்னனின் தலைமீது வெட்டுக்குறி இடப்பட்டிருப்பதையும் வெளியிட்டார். புதையல் இல்லாமையை வணிகம் இல்லாமையாகக் கொண்டால், புகாரை வெள்ளி எட்டாத ஊராகவே கொள்ளவேண்டியிருக்கும்.

அங்ஙனம் கொள்ளவேண்டியதில்லை. மானாவாரிப் புன்செய் நிலத்தில் ஓரடி ஆழத்தில் புதைத்த பானையை ஏர்முனை தொட்டுவிடும். ஆண்டுதோறும் ஆறு வண்டல் படிவித்த நன்செய் நிலத்தில் அதே பானை எத்தனை அடி கீழே போயிருக்கும் என்று சொல்ல இயலாது. புகாரின் ஒரு பகுதியைக் கடலும் கொண்டது. இதனினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. துறைமுகம் செல்வம் கடந்து செல்லும் இடம், தங்கும் இடமன்று. பட்டினப்பாலை காட்டும் புகாரில் உப்புக்கு மாற்றாக நெல் பெறப்படுகிறது. பண்டங்கள் சுங்கப் பொறியிட்டு ஏற்றி இறக்கப்படுகின்றன. மறைத்து வைப்பதற்கான பானை, பாதுகாப்புக் குறைந்த உள்நாட்டுப் பெருவழியில்தான் தேவைப்பட்டது.

இலக்கியச் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. முசிறிக்கு யவனர் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு சென்றதாக அகநானூறு கூறும். கிடைத்த காசுகளிலோ எண்ணிக்கையால் வெள்ளி விஞ்சுகிறது. இதனை முரணாகக் கண்டோர், பொன் என்ற சொல் பழந்தமிழில் உலோகப் பொதுமையையும் உணர்த்தும் என்பதை மறந்தனர். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன், இன்றும் வார்ப்புப் படிமத்திற்கு ஐம்பொன். சீவெல் தம் கட்டுரையை எழுதுவதற்கு முன்பே பத்துப்பாட்டும் புறநானூறும் சிலம்பும் மணிமேகலையும் அச்சேறிவிட்டன. அவற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் 1903 வரை கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்தார். அப்பதிப்புகளின் சான்று சீவெலின் காலக்கணிப்பில் இடம்பெறவில்லை.

அக்குறை அவருடைய அக்கறையின்மையால் மட்டும் விளைந்ததன்று. பாட்டைவிடக் கணக்கை நம்பிய மனம் அவருடையது. சங்கர பாலகிருஷ்ண தீட்சிதருடன் இணைந்து 1896இல் வெளியிட்ட இந்தியப் பஞ்சாங்க நூல், கல்வெட்டில் வரும் திதி, நாள், நட்சத்திரங்களை ஆங்கில நாளாக மாற்றிச் சரிபார்க்கும் அட்டவணைகளைத் தந்தது. சோழர் கல்வெட்டுகளின் காலம் காண முயன்றோர்க்கு அவ்வட்டவணைகள் பெருந்துணையாயின. 1900இல் வெளிவந்த விசயநகர வரலாற்று நூல், பாயஸ், நூனிஸ் ஆகிய போர்த்துக்கேயரின் குறிப்புகளை ஆங்கிலத்தில் தந்து, மறக்கப்பட்ட பேரரசொன்றைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. கீழை மன்னரைப் பற்றிய ஆங்கில அலுவலரின் முன்முடிவுகள் அதில் உண்டு என்று பின்னையோர் சுட்டியதும் சரியே. ஒரு கல்வெட்டின் நாளை மூன்று உறுப்புகளால் சோதிக்காமல் ஏற்காத அவர், ஒரு காசில் உள்ள தலையை மட்டும் கொண்டு வணிகத்தின் காலத்தை ஏற்றுக்கொண்டது வியப்புக்குரியது. கல்வெட்டு, வெட்டிய இடத்திலேயே நிற்பது; காசு, அடித்த பின் கைமாறிக்கொண்டே இருப்பது. இவ்வேறுபாட்டை அவர் அட்டவணை கணக்கில் கொள்ளவில்லை.

முதுமையிலும் அவர் கணிப்பை விடவில்லை. சித்தாந்த நூல்களையும் இந்தியப் பஞ்சாங்கத்தையும் பற்றிய நூல் 1924இல் வந்தது. அடுத்த ஆண்டு, தம் எண்பதாம் வயதில் சீவெல் மறைந்தார். தென்னிந்திய வரலாற்றுக் கல்வெட்டுகளை ஆண்டு வரிசையில் நிரல்படுத்திய அவரது கடைசித் தொகுப்பு அச்சேறாமல் இருந்தது. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் பிறந்த ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் அதனைப் பதிப்பித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே 1932இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் வெள்ளலூரில் மற்றுமொரு பானை கிடைத்திருந்தது. அதிலிருந்த 121 காசுகளும் உரோம வெள்ளியே.